மேல்காதில் குத்த வேணுமாம்!

எங்கட வீடுகளில் காது குத்துறது ஒரு கேள்வியே இல்லை. பிள்ளைக்கு ஒரு வயது வரும்போதோ, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடத்திலோ, நல்ல நாள் பார்த்து, மாமன் மடியில் இருத்தி, இரண்டு சோணையிலும் குத்தித் தோடு போட்டு விடுவோம். பிள்ளை வீரிட்டு அழும். சுற்றி நிற்கிற பெரிய ஆட்கள் சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். பிறகு பலகாரம், சாப்பாடு. அவ்வளவுதான்.

கேள்வி வருவது பதினைந்து, பதினாறு வயதில். அப்போது கேட்பது நாங்கள் இல்லை, பிள்ளை.

எங்கள் வீட்டில் அது போன வருடம் கோடை விடுமுறையில் வந்தது. என்னுடைய மூத்தவளுக்கு அப்போது பதினாறு. பிறந்தது, வளர்ந்தது, படிக்கிறது எல்லாம் பலெர்மோவில். நானும் இங்கே வளர்ந்தவள்தான். 1980களில் அம்மா அப்பாவோடு கைக்குழந்தையாக வந்தேன். ஆனால் என்னுடைய கணவர் இருபது வயது வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அந்த இருபது வருட வித்தியாசம் சில விஷயங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

"அம்மா, நான் ரூக் குத்தப் போறன்."

"என்ன குத்து?" என்று கேட்டது நான் இல்லை, அவர்.

தொலைபேசியில் படம் காட்டினாள். காதுக்கு உள்ளே, மேல்பக்கத்தில் இருக்கும் சின்ன மடிப்பு ஒன்றின் ஊடாக வளைந்த கம்பி ஒன்று. அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உது ஒழுங்கான பிள்ளையள் செய்யிற வேலையே?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இந்த இதழை வாசிக்கிற உங்களில் கனபேர் இந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பீர்கள், அல்லது இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் தாண்டுவீர்கள். அதனால்தான் நாங்கள் என்ன செய்தோம், என்ன கற்றுக்கொண்டோம் என்பதை எழுதுகிறேன்.

புதுசா, பழசா?

முதலில் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சொல்லும்போது விளங்க வேண்டும். காதின் மேல்விளிம்பில் குத்தினால் ஹீலிக்ஸ். உள்ளே கிண்ணம் மாதிரி இருக்கிற பகுதியில் குத்தினால் கொஞ்ச். காதுத் துவாரத்துக்கு முன்னால் நிற்கிற சின்ன மேட்டில் என்றால் ட்ராகஸ். துவாரத்துக்கு மேலே உள்ள மடிப்பில் என்றால் டெய்த். அதற்கும் மேலே உள்ள மடிப்பில் என்றால் ரூக்.

இந்தப் பெயர்களில் சில 1990களில்தான் புழக்கத்துக்கு வந்தன. உடலில் குத்துவதை ஒரு தொழிலாக நடத்தத் தொடங்கியதும் அமெரிக்காவில் அண்மைக் காலத்தில்தான். ஜிம் வார்ட் என்பவர் 1975இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'கோன்ட்லெட்' என்ற நிறுவனத்தைத்தான் அதற்குத் தொடக்கமாகச் சொல்வார்கள். டெய்த் குத்தினால் ஒற்றைத் தலைவலி போகும் என்று இணையத்தில் ஒரு கதை ஓடுகிறது. அதற்கு நம்பத்தக்க மருத்துவ ஆதாரம் கிடையாது. பிள்ளை அந்தக் காரணத்தைச் சொன்னால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஸ்டூடியோவுக்கு வேண்டாம்.

சரி, பெயர் புதுசு. குத்துவது புதுசா?

இதற்குப் பதில் என் அம்மாவிடமிருந்து வந்தது. பிள்ளை படத்தை அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கத்துவா என்று நான் காத்திருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வடிவாகப் பார்த்தா. "உதில என்ன இருக்கு? எங்கட அம்மம்மாவுக்குக் காதில கொப்பு இருந்தது. மேல்காதிலதான் குத்தியிருந்தவ. படுக்கைக்கும் கழட்ட மாட்டா" என்றா.

கொப்பு, முருகு, வாளி. மேல்காதுக்கென்றே எங்களிடம் இத்தனை நகை இருந்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பெண்கள் சோணையைத் தோளில் தொடும் அளவுக்கு வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் போட்டார்கள். பிறகு காலம் மாறியது. நீண்ட காது நாட்டுப்புறம் என்று ஆனது. தொங்கிய சோணையை வெட்டித் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. கொப்பும் முருகும் பெட்டிக்குள் போயின, அல்லது உருக்கிச் சங்கிலியாயின. எங்கள் தாய்மாரின் தலைமுறைக்கு மிஞ்சியது ஒரு சோடி தோடு மட்டும். அந்த ஒரு சோடிதான் எங்களுக்குத் தெரிந்த 'பண்பாடு'. அதற்கு மேல் ஒரு துளை விழுந்தால் வெள்ளைக்காரப் பழக்கம் என்கிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனுக்குக் காது குத்த யசோதை கூப்பிடுகிற ஒரு பகுதி முழுவதும் உண்டு. பன்னிரண்டு திருநாமங்களாலும் கூப்பிட்டு, ஆசை காட்டி, கெஞ்சி, கொஞ்சிப் பார்க்கிறாள். அவன் ஓடுகிறான், காதில் போட்ட கடிப்பைப் பிடுங்கி எறிகிறான். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பாட்டு. அதில் அம்மா கெஞ்சுகிறாள், பிள்ளை ஓடுகிறது. எங்கட வீட்டில் பிள்ளை கெஞ்சியது, அப்பா ஓடினார்.

சோணை வேறு, குருத்தெலும்பு வேறு

ஆனால் பூட்டி போட்டிருந்தா என்பதற்காக உடனே குத்திவிட முடியாது. சோணையில் குத்துவதும் மேல்காதில் குத்துவதும் ஒன்றல்ல. இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சோணை மெத்தென்ற தசை. இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமையில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்கென்று இரத்தக் குழாய் இல்லை. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. ஆகவே ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் எடுக்கும். கிருமி உள்ளே போனால் உடம்பு அதோடு போராடுவதும் கடினம், மருந்து போய்ச் சேருவதும் கடினம். தொற்று முற்றினால் குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே குலைந்துபோகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், ஒரே கடையில் மேல்காது குத்தியவர்களிடையே சூடோமோனாஸ் என்ற கிருமித் தொற்று பரவியது. 7 பேருக்கு உறுதியானது, இன்னும் 18 பேருக்குச் சந்தேகம். சிலரின் காது உருக்குலைந்தது. 2004இல் 'ஜாமா' மருத்துவ இதழில் அதைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே குத்தியது துப்பாக்கியால்.

துப்பாக்கி என்றால் எல்லாருக்கும் தெரியும். நகைக்கடையில் 'டிக்' என்று அடிக்கிற அதே சாமான். இத்தாலியில் பல ஃபார்மசிகளிலும் சோணை குத்துவார்கள். சோணைக்கு அது ஒருமாதிரிச் சரிவரும் என்றாலும், மேல்காதுக்குக் கூடாது. துப்பாக்கி கூரில்லாத தோட்டைப் பலத்தால் அடித்து உள்ளே தள்ளுகிறது. குருத்தெலும்பு அந்த அடிக்கு நசியும், வெடிக்கும். பிளாஸ்டிக்கால் செய்த துப்பாக்கியை நீராவியில் அவித்துக் கிருமி நீக்கவும் ஏலாது. ஒருமுறை பாவித்து எறியும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் அடித்துத் தள்ளுவது மாறவில்லை. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில்முறைக் குத்துநர் சங்கம் துப்பாக்கியை ஏற்பதே இல்லை. உள்ளே துவாரமுள்ள, ஒருமுறை மட்டும் பாவிக்கும் கூர் ஊசிதான் முறை.

அந்த வயதில் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் தெரியும். மகளின் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டில் தையல் ஊசியும் ஐஸ்கட்டியும் வைத்துத் தானே குத்தியிருந்தாள். இதைக் கேட்ட அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் 'இல்லை' என்று சொன்னால் கேள்வி முடிவதில்லை. கேள்வி எங்கள் வீட்டை விட்டு வெளியே போகிறது, அவ்வளவுதான்.

"உங்கட காதுக்கு இது சரிவராது"

இத்தாலியில் இதற்கு ஒழுங்கு உண்டு. பச்சை குத்துவதையும் துளை குத்துவதையும் பாதுகாப்பாகச் செய்ய, சுகாதார அமைச்சு 1998 பெப்ரவரியில் வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. விவரமான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நாங்கள் போன ஸ்டூடியோ தாய், தகப்பன் இரண்டு பேரின் கையெழுத்தும் கேட்டது.

இரண்டு கையெழுத்து. அங்கேதான் சிக்கல். ஒன்று இருந்தது, மற்றது எழும்பிப் போன ஆள்.

அவர் கடைசியில் வந்தார். சம்மதித்து வரவில்லை, குறை கண்டுபிடிக்க வந்தார். செப்டெம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். வியா ரோமாவிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் இருந்தது அந்த இடம். அம்மாவும் வருவேன் என்று நின்றா. மூன்று தலைமுறையும் ஒரு மருமகனுமாக நாங்கள் உள்ளே போனதும், அங்கே இருந்த பிள்ளைகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

குத்துகிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மகளைக் கதிரையில் இருத்தி, கையுறை போட்டு, காதை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. சின்ன விளக்கு ஒன்றைக் காதின் பின்னால் பிடித்தும் பார்த்தா. பிறகு கண்ணாடியை மகளின் கையில் கொடுத்துச் சொன்னா:

"ரூக் குத்த இந்த மடிப்பு தடிப்பாக, தெளிவாக நிற்க வேணும். உங்கட காதில் அது தட்டையாக இருக்கு. நான் குத்தலாம். ஆனால் கம்பி அழுத்திக்கொண்டே நிற்கும், ஆறாது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். நான் செய்ய மாட்டன்."

மகளின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாகச் சண்டை பிடித்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் காதே 'இல்லை' என்கிறது.

"வேற இடத்தில் குத்தலாம். மேல்விளிம்பு உங்களுக்கு நல்லா இருக்கு. ஆனால் இண்டைக்கு வேண்டாம். வீட்டை போய் யோசியுங்கோ. கடலுக்குப் போற காலமும் முடியட்டும்" என்றா அந்தப் பெண். ஐந்து சதமும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் ஒன்றும் கதைக்கவில்லை. குவாத்ரோ காந்தி சந்தியில் நிற்கும்போது மெல்லச் சொன்னார்: "காசு வேண்டாமெண்டு சொல்லுற ஆளை நம்பலாம்."

எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பெற்றோருக்குச் சொல்ல ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது என்றால், அது இதுதான். ஸ்டூடியோவின் சுவர் எவ்வளவு வெள்ளை, எத்தனை சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் வந்த வாடிக்கைக்கு 'ஏலாது' என்று சொல்லத் தெரிந்த ஆளா என்பதுதான் பெரிய சோதனை.

ஒரு மாதம் போனது. மகள் மேல்விளிம்பிலேயே குத்துவதாக முடிவெடுத்தாள். "பூட்டியின்ர கொப்பு இருந்த இடம்" என்று அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். பிள்ளை உடனே சொல்லிவிட்டாள்: "பூட்டிக்காக இல்லை அம்மம்மா. எனக்கு வடிவா இருக்கும், அதுதான்."

இருபத்திரண்டு கரட்டுக்கு இடமில்லை

அம்மா சும்மா இருக்கவில்லை. ஒக்டோபரில் மறுபடி போனபோது கைப்பைக்குள் சின்ன டப்பா ஒன்று. உள்ளே பஞ்சில் சுற்றிய பொட்டுத் தோடு, இருபத்திரண்டு கரட், பின்னால் திருகுச் சுரை. முப்பது வருடம் பலெர்மோ வீடுகளில் வேலை செய்த அம்மாவின் இத்தாலியன் என்னுடையதை விட விறுவிறுப்பு. "இதைப் போட்டு விடுங்கோ, சுத்தத் தங்கம்" என்று நேரே நீட்டினா.

குத்துகிற பெண் தோட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று மெச்சினா. பிறகு பொறுமையாக விளக்கினா. நான் இங்கே சுருக்கித் தருகிறேன். எங்கட வீடுகளில் இந்த விவாதம் கட்டாயம் வரும்.

முதலாவது, மென்மை. எங்களுக்கு 916 முத்திரை என்றால்தான் தங்கம். இத்தாலிய நகைக்கடையில் விற்பது 750, அதாவது பதினெட்டு கரட். அம்மா அதைக் கலப்படம் என்றுதான் சொல்வா. ஆனால் புதுப் புண்ணுக்குள் ஒரு வருடம் நிற்கப்போகிற நகைக்குப் பதினெட்டு கரட்டுக்கு மேல் போனால் தங்கம் மெத்துமெத்தென்று இருக்கும், கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்கள் புண்ணை உரசும், அழுக்கும் சேரும்.

இரண்டாவது, சுரை. எங்கட தோட்டின் தண்டில் வெளியே புரி வெட்டியிருக்கும். அந்தப் புரி ஒவ்வொரு முறையும் புண்ணுக்குள்ளால் அறுத்துக்கொண்டு போகும். தொழில்முறை நகையில் தண்டு வழுவழுப்பாக இருக்கும், பூட்டு உள்ளே.

மூன்றாவது, கலப்பு உலோகம். நிக்கல் பலருக்கு ஒவ்வாது. ஒருமுறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது. ஐரோப்பாவில் 1994இலிருந்து இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. துளைக்குள் போடும் நகையிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிழமைக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. 'சேர்ஜிக்கல் ஸ்டீல்' என்று விற்பதிலும் நிக்கல் இருக்கிறது.

ஆகவே அவர்கள் போடுவது டைட்டானியம். எலும்பு முறிவுக்கு உடம்புக்குள் வைக்கிற அதே தரம், ஏ.எஸ்.டி.எம். எஃப்-136 என்று எழுதியிருக்கும். நீங்களும் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதில் தயங்காமல் வர வேண்டும்.

"ஆறின பிறகு?" என்று அம்மா கேட்டா.

"ஆறின பிறகு உங்கட தங்கத்தைப் பற்றிக் கதைப்பம்."

அம்மா டப்பாவை மூடி உள்ளே வைத்தா. தோற்ற மாதிரித் தெரியவில்லை. தவணை வாங்கிய மாதிரித்தான் இருந்தது.

குத்தின நாள்

படிவம் நீளமானது. இரத்தம் உறையாத நோய், நீரிழிவு, தினமும் எடுக்கிற மருந்து, ஒவ்வாமை எல்லாம் கேட்டிருந்தது. கெலாய்ட் பற்றியும் ஒரு கேள்வி. இதைக் கவனியுங்கள். காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்துகொண்டே போவதுதான் கெலாய்ட். கறுத்த, மாநிறத் தோலுள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும், குடும்பத்திலும் ஓடும். எங்கட ஆட்களில் யாருக்காவது தடுப்பூசி போட்ட இடத்திலோ, சத்திர சிகிச்சைத் தழும்பிலோ அப்படி வந்திருக்கிறதா என்று சித்தி, பெரியம்மா, அத்தைமாரிடமும் விசாரித்துவிட்டுப் போங்கள். வந்திருந்தால் முதலில் தோல் டொக்டர்.

இவர் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

மகளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். காதைத் துடைத்து, பேனையால் ஒரு புள்ளி வைத்து, எழுப்பிக் கண்ணாடியில் காட்டினார்கள். அவள் "கொஞ்சம் மேல" என்றாள். அழித்து மறுபடி வைத்தார்கள். மூன்றாவது தரம்தான் அவளுக்குச் சரிவந்தது. ஊசியும் கம்பியும் நீராவிச் சூட்டில் கிருமி நீக்கி உறையில் அடைத்திருந்தவை. எங்கள் கண் முன்னால் உறையைக் கிழித்தார்கள். மூச்சை உள்ளே இழு, வெளியே விடு. விடும்போது ஊசி போய்விட்டது. 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தண்டு, பின்னால் தட்டை, முன்னால் சின்ன உருண்டை. ஒரு சொட்டு இரத்தம். கண்ணில் தண்ணி வந்தது, ஆனால் அழவில்லை.

விளக்கைக் காதுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சுஸ்ருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. காதை இடக்கையால் இழுத்துப் பிடித்து, சூரிய ஒளி ஊடுருவித் தெரிகிற இடம் பார்த்துக் குத்த வேண்டும் என்கிறது அது. இரத்தக் குழாயில் பட்டால் வருகிற உபத்திரவங்களையும் சொல்கிறது. அன்று வெயில், இன்று விளக்கு. ஊரில் காது குத்திய பத்தரும் நிதானமான கைதான். அவரிடம் இல்லாதது நீராவிப் பெட்டி ஒன்றுதான்.

பிறகு வரும் பன்னிரண்டு மாதம்

குத்துவது ஒரு நொடி. பராமரிப்பு ஒரு வருடம். இந்த வேலையைப் பிள்ளைதான் செய்ய வேண்டும், நாங்கள் இல்லை. இதை முதலே பேசி வையுங்கள்.

காலையும் மாலையும் 0.9 சதவீத உப்பு நீர், கிருமி நீக்கிய ஸ்ப்ரே. அடித்துவிட்டுத் துடைத்து உலர விட வேண்டும். அதோடு முடிந்தது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேப்பீர்க்கும் என்று பட்டியல் போட்டா, மூன்றும் வேண்டாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் வேண்டாம். வளர்கிற புதுத் தோலை அவை அழிக்கும். எங்களுக்குச் சின்ன வயதில் சொன்ன மாதிரி தோட்டைத் திருப்பித் திருப்பி விடவும் கூடாது.

வீக்கத்துக்கு இடம் விட்டு முதலில் நீளமான தண்டு போடுவார்கள். ஆறு கிழமையில் போய்க் கட்டையானதுக்கு மாற்ற வேண்டும். பலர் இதை மறக்கிறார்கள். நீளத் தண்டு ஆடி ஆடிப் புண்ணைக் கிளறும்.

பலெர்மோவில் இரண்டு விசேஷத் தொல்லை. ஒன்று மொண்டெல்லோ. புதுப் புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது, அதனால்தான் ஒக்டோபர் வரை பொறுத்தோம். மற்றது ஸ்கூட்டர். ஹெல்மெட்டைக் கழற்றும்போது அது காதையும் சேர்த்து இழுக்கும். முதல் இரண்டு மாதம் அவள் பஸ்ஸில் போனாள். முணுமுணுத்தாள், ஆனால் போனாள்.

மூன்றாம் மாதம் துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மொட்டு வந்தது. இவர் பயந்துபோனார். அம்மா மொந்தே பெல்லெக்ரினோவுக்கு ஏறி சாந்தா ரோசாலியாவுக்கு நேர்த்தி வைத்தா. இங்கே இருக்கிற எங்கட ஆட்களுக்கு, சைவமோ வேதமோ, அந்த மலைதான் முதல் மருந்து. நாங்கள் ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்தப் பக்கம் சரிந்து படுக்கிறதால் வந்த உரசல் என்றார்கள். நடுவில் ஓட்டையுள்ள பயணத் தலையணை ஒன்று வாங்கி, காதை அந்த ஓட்டைக்குள் விட்டுப் படுத்தாள். ஐந்து கிழமையில் மொட்டு வற்றிவிட்டது. புண்ணியம் யாருக்கு என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

மொட்டு வேறு, தொற்று வேறு. மேல்காது முழுக்கச் சிவந்து, சுட்டு, வீங்கி, சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால், அல்லது காய்ச்சலும் சீழும் வந்தால், அன்றே டொக்டரிடம் போங்கள். குருத்தெலும்பில் குத்தியது என்று சொல்லுங்கள். வழமையான அன்டிபயோடிக் அந்தக் கிருமிக்குக் கேட்காமல் போகலாம். டொக்டர் சொல்லாமல் நகையை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். துளை மூடி, சீழ் உள்ளேயே அடைபடலாம்.

போக முதல் கேட்க வேண்டியவை

- ஊசியா, துப்பாக்கியா? துப்பாக்கி என்றால் திரும்பி வாருங்கள்.
- உறையை எங்கள் முன்னால் பிரிப்பீர்களா? நீராவிப் பெட்டியைக் காட்டுவீர்களா?
- முதல் நகை என்ன உலோகம், என்ன தரம்?
- இந்தக் காதுக்கு இந்த இடம் பொருந்துமா? பொருந்தாவிட்டால் சொல்வீர்களா?
- தண்டு மாற்ற எப்போது வர வேண்டும்? பிரச்சினை என்றால் யாரிடம் வருவது?

பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு வருடம் பார்த்துக்கொள்ளுவியா?

எனக்குக் காது குத்தியபோது ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. அந்தத் தோடுதான் இன்றும் போட்டிருக்கிறேன். ஆனால் மகள் தன் காதில் புள்ளி எங்கே வர வேண்டும் என்று மூன்று தரம் மாற்றி வைக்கச் சொன்னதைப் பார்த்தபோது, எங்கட சடங்கில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது தெரிந்தது. காது அவளுடையது. அதில் எந்த நகை, எந்த இடம் என்பது அவளின் கணக்கு. யார் கையால், எந்த ஊசியால், என்ன உலோகத்தால் என்பது எங்களின் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் விட்டால் வீட்டில் சண்டை பாதி குறையும்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. இவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் போன கிழமை பல்லாரோ சந்தையில் ஊர்க்காரர் ஒருவர், "மகள் மேல்காதில எல்லாம் குத்தியிருக்கிறாள் போல" என்று இழுத்தாராம். இவர் கத்தரிக்காயைத் தெரிந்துகொண்டே சொன்னாராம்: "ஓம். அது கொப்பு."